ஒரு பானைச் சோற்றுக்கு எத்தனை சோறு பதம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அடுப்படியில் அது பொய்ப்பதில்லை. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே கொதி. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பானை முழுவதன் பதத்தையும் தாய் அறிந்துகொள்கிறாள். ஆனால் பானைக்குள் இருப்பது பல வயல்களில் விளைந்த பலவகை அரிசியானால்? அப்போது ஒரு பருக்கை போதுமா? நான்கு வேண்டுமா? நானூறு வேண்டுமா? நான்கே பருக்கைதான் கையில் கிடைத்தது என்றால், அவற்றைக் கொண்டு எவ்வளவு துணிந்து பேசலாம்?

இக்கேள்விக்குக் கணக்கின் துணைகொண்டு விடை கண்டார் ஒருவர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அயர்லாந்து நாட்டில் பீர் காய்ச்சும் ஆலையொன்றில் ஊதியத்துக்கு உழைத்தவர். தம் பெயரை வெளியிடும் உரிமைகூட இல்லாதவர். நம் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையோ உயிரியலோ உளவியலோ பொருளியலோ எது பயில்வோரும் என்றேனும் ஒருநாள் ‘ஸ்டூடண்ட் டி-சோதனை’ என்னும் பெயரைச் சந்தித்தே தீருவர். மாணவர்களுக்கென்று வகுத்த எளிய சோதனை போலும் என்று எண்ணிவிடுவோரும் உண்டு. உண்மையில் ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன் என்பது ஒருவர் பூண்ட புனைபெயர். அந்த மாணவரின் இயற்பெயர் வில்லியம் சீலி கோசெட்.

மது நன்றா தீதா என்னும் வழக்கை ஈண்டு நாம் எடுக்கவில்லை. எத்தொழிலாயினும் அதனைக் கண் திறந்து செய்பவனுக்கு அறிவு எங்ஙனம் கைகூடுகிறது என்பதே நாம் காணப்போவது.

இளமையும் கல்வியும்

கோசெட் 1876-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் பிறந்தார். தந்தையார் படையில் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த கர்னல். மகனும் அப்படையிலேயே சேர விரும்பினார். கண்பார்வைக் குறை இடம் கொடுக்கவில்லை. வின்செஸ்டர் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். பின்னர் ஆக்ஸ்போர்டில் நியூ கல்லூரியில் சேர்ந்தார். 1897-இல் கணிதத்திலும் 1899-இல் வேதியியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

அக்காலத்தில் டப்ளின் நகரத்துக் கினஸ் ஆலை உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளுள் ஒன்று. 1759-இல் ஆர்தர் கினஸ் என்பார் ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்த நிலத்தில் எழுந்தது அது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் பதம் பார்த்தே அங்கே தொழில் நடந்துவந்தது. ஆனால் இலட்சக்கணக்கான பீப்பாய்கள் காய்ச்சும்போது நாவை மட்டும் நம்பி இருக்க இயலுமா? எனவே 1890-களில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் கற்ற இளைஞர்களை அழைத்துக் காய்ச்சும் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கினர் ஆலையார். அவ்வாறு 1899-இல் டப்ளின் சென்றவர்களுள் ஒருவர் 23 வயதுக் கோசெட்.

தானியமும் பூவும்

கோசெட்டின் ஐயம் எங்கே முளைத்தது என்று அறிய, அத்தொழிலைச் சற்றே அறிதல் வேண்டும். நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சுவர். முளைகட்டிய தானியத்துக்குத் தனி இனிப்பு உண்டு. பார்லியையும் அவ்வாறே முளைகட்டிச் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதனை உடைத்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்குமாறு வெந்நீரில் ஒருமணி நேரம் ஊறவிடுவர். முளைக்கும்போது தானியத்துக்குள் பிறந்த நொதிகள் அச்சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். சூடு மிகுந்தால் நொதிகள் அழிந்துபடும்; குறைந்தால் வேலை மந்தமாகும். ஊறலிலிருந்து வடித்தெடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டுப் புளிக்கவிடுவர். மேற்பரப்பில் நுரைத்தெழும் ஈஸ்டைக் கொண்டு புளிக்கவைக்கும் பீர்களுக்கு ஏல் என்று பெயர். வறுத்த பார்லியால் கருநிறம் பெற்ற கினஸ் ஸ்டவுட்டும் அந்த ஏல் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஹாப்ஸ் பூவிலுள்ள மென்பிசின்தான் பீருக்குக் கசப்பைத் தருகிறது. அதனைக் கெடாமல் காப்பதும் அதுவே. கடல் கடந்து செல்லும் சரக்குக்கு ஹாப்ஸ் மிகுதியாக இட வேண்டும். ஆனால் ஒரு மூட்டைப் பூவில் மென்பிசின் எவ்வளவு? பார்லி எல்லா வயலிலும் ஒன்றுபோல் விளைவதில்லை, ஹாப்ஸும் அப்படியே. கோசெட்டுக்கு முன்னரே பணியில் சேர்ந்த கேஸ் என்னும் அறிஞர் இதனை ஆராய முற்பட்டார். ஒரு தொகுதியில் 11 மாதிரிகளும் மற்றொரு தொகுதியில் 14 மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. இரண்டின் சராசரிக்கும் இடையே சிறு வேறுபாடு தோன்றியது. அவ்வேறுபாடு பூவில் உள்ளதா, தற்செயலாய் வந்ததா? விடை சொல்ல அன்று ஒருவராலும் இயலவில்லை. 25 மாதிரிகளைக் கொண்டு முடிவு கூறும் கணக்கு அதுவரை பிறக்கவில்லை.

அளவையில் எழுந்த ஐயம்

ஆலையில் குவிந்து கிடந்த எண்கள் கோசெட்டின் மேசைக்கு வந்தன. கணிதம் அறிந்தவர் என்பதால் மற்றவர்களும் தங்கள் ஐயங்களை அவரிடம் கொண்டுவந்தனர். 1904-இல் பிழைகளின் விதியை ஆலைப் பணியில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று ஓர் அறிக்கை எழுதித் தம் மேலோரிடம் அளித்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளுள் ஒன்று மால்ட் பற்றியது. குறித்த எடை மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்குகிறது என்பதை ஆலையார் ஒரு கருவியால் பாகைக் கணக்கில் அளந்தனர். வேண்டிய அளவு ஏறத்தாழ 133 பாகை. அரைப் பாகை கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. அதற்கு மேல் பிசகினால் கேடு. 1880 முதல் பிரிட்டனில் சாற்றின் அடர்த்தியைக் கொண்டே பீருக்கு வரி விதித்தனர். ஆகவே சத்து மிகுந்தால் வரி மிகும். குறைந்தால் சுவை குன்றி விரைவில் கெடும். ஆனால் ஒரே மால்ட்டை இருமுறை அளந்தால் இரு வேறு எண்கள் வந்தன. எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தால் நம்பலாம்? கோசெட் கணக்கிட்டுப் பார்த்தார். இரண்டு போதாது, மூன்றும் போதாது. நான்கு முறை அளந்தால், சராசரி அரைப் பாகைக்குள் நிற்கும் வாய்ப்பு பத்துக்கு ஒன்று என்னும் விகிதத்தைத் தாண்டிவிடுகிறது. ஆலைக்கு அது போதும். ஒவ்வொரு சோதனைக்கும் செலவு உண்டு. அறிவுக்கும் செலவுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதையும் அவர் மறக்கவில்லை.

தம் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதை அவரே உணர்ந்தார். அக்காலப் புள்ளியியலில் பேரறிஞர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கார்ல் பியர்சன். 1905 ஜூலையில் பியர்சன் நாட்டுப்புறத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது கோசெட் மிதிவண்டியேறி அவரைக் காணச் சென்றார். அன்று வழக்கிலிருந்த முறைகள் பெரும்பாலானவற்றை ஏறத்தாழ அரைமணி நேரத்திலேயே பியர்சன் விளக்கிவிட்டார். பின்னர் 1906-இலும் 1907-இலும் ஆலையார் விடுப்பு அளிக்க, இலண்டனில் பியர்சனின் ஆய்வகத்தில் ஓராண்டு பயின்றார். முப்பது வயதில், வேலையும் மணவாழ்வும் அமைந்தபின், மீண்டும் மாணவர்!

ஆனால் பியர்சனின் உலகம் வேறு. அவர் ஆராய்ந்தவை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவைகள். அவ்வளவு இருந்தால் எண்களின் சிதறலை ஐயமின்றி அறியலாம். நான்கு அளவை, பத்து அளவை என்று வந்து நிற்கும் ஆலைக்காரரின் தொல்லை அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அதனை வேடிக்கையாகச் சீண்டியதும் உண்டு. கோசெட்டோ வேறு வழியற்றவர். ஒரு பருவத்தில் ஒரு விளைச்சல்தான். ஆயிரம் அளவை வேண்டுமென்றால் ஆயிரம் ஆண்டு காத்திருக்க இயலுமா?

மூவாயிரம் அட்டைகள்

இலண்டனில் இருந்தபோது முதலில் வெளிவந்தது ஈஸ்ட் பற்றிய கட்டுரை. ஈஸ்ட் குறைந்தால் புளிப்பு முற்றுப்பெறாது. மிகுந்தால் சுவை கெடும். 400 சிறு கட்டங்களாகப் பிரித்த கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பரப்பி, நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை உயிரணுக்கள் என்று எண்ணுவர். அந்த எண்ணிக்கை எவ்வளவு பிழைபடும் என்பதை 1907-இல் அவர் வகுத்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு, 1908 மார்ச் மாதத்தில், பியர்சன் நடத்திய ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆய்விதழில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது. அதன் கருத்தை எளிமையாகக் கூறுவோம். சராசரி எவ்வளவு பிசகும் என்று அறிய, அளவைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று தெரிய வேண்டும். அளவைகள் ஆயிரம் இருந்தால் சிதறல் திண்ணமாகத் தெரியும். நான்கே இருந்தால் சிதறலே ஓர் ஊகம். ஊகத்தின்மேல் ஊகத்தை அடுக்கிவிட்டு, உறுதியாகத் தெரிந்ததுபோல் பேசுவது பிழை. அப்பிழைக்கு ஈடாக எவ்வளவு பணிந்து பேச வேண்டும் என்பதற்குக் கோசெட் ஓர் அட்டவணை வகுத்தார்.

இன்றைய முறையில் சொல்வதானால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி வேண்டுவோர், அளவைகள் மிகப் பல இருந்தால் சராசரியின் திட்டப் பிழையை 1.96 ஆல் பெருக்கி இருபுறமும் இடம் விட்டால் போதும். 30 அளவைகள் என்றால் 2.05, 10 என்றால் 2.26, நான்கே என்றால் 3.18. குறைவாக அறிந்தவன் கூடுதலாக இடம் விட்டுப் பேச வேண்டும் என்பதே அதன் சாரம். அவையடக்கத்துக்கு ஓர் அட்டவணை என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

சூத்திரத்தின் ஒரு பகுதியை அவர் முழுமையாக நிறுவவில்லை; கூரிய ஊகத்தால் எட்டினார். ஆகவே சோதித்துப் பார்க்க விரும்பினார். 3,000 குற்றவாளிகளின் உயரமும் நடுவிரல் நீளமும் குறித்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையாக 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 சிறு தொகுதிகள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் சிதறலும் கணக்கிட்டார். கணினி இல்லாத காலம். விடைகள் சூத்திரத்தோடு நெருங்கி நின்றன. நான்கு சோறு எவ்வளவு உண்மை சொல்லும் என்பதை 750 பானைகளில் பார்த்தவர் கோசெட்!

பெயர் மறைந்த கதை

அரிய உண்மை கண்டவர் பெயரை மறைத்தது ஏன்? தங்கள் தொழில் நுணுக்கம் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று கினஸ் ஆலையார் அஞ்சினர். பணியாளர் கட்டுரை வெளியிடலாம். ஆனால் ஆலையின் பெயரும் எழுதியவர் பெயரும் தெரியலாகாது என்பது கட்டளை. ஆகவே ‘ஸ்டூடண்ட்’ பிறந்தார். 30 ஆண்டுகள் அப்பெயரிலேயே எழுதினார். நெருங்கிய அறிஞர் சிலருக்கே உண்மை தெரியும்.

1908 கட்டுரையை உடனே எவரும் கொண்டாடவில்லை. அதன் அருமையை உணர்ந்தவர் இன்னொரு மாணவர். 1912-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ரொனால்டு ஃபிஷர் என்னும் இளைஞர், கோசெட் ஊகித்த சூத்திரத்துக்கு முழு நிரூபணம் எழுதி அவருக்கு அனுப்பினார். கோசெட்டால் அதனைப் பின்தொடர முடியவில்லை. பொறாமைப்பட்டாரா? இல்லை. தமக்கு விளங்காத அந்நிரூபணத்தை வெளியிடத் தகுமா என்று பியர்சனுக்கே அனுப்பிக் கேட்டார். பிற்காலத்தில் ஃபிஷரே அந்த முறையை விரிவாக்கி, இன்று நாம் அறிந்த டி-சோதனையாக ஆக்கி, 1925-இல் வெளிவந்த தம் நூலால் உலகெங்கும் பரப்பினார்.

பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் இடையே மூண்ட பகை அறிவுலகம் அறிந்தது. ஒருவர் பெயரைக் கேட்டால் மற்றவர் சினப்பார். அவ்விருவருக்கும் இறுதிவரை நண்பராக இருந்தவர் கோசெட். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் வயற்சோதனைகளில் பாத்திகளை அமைக்கும் முறை பற்றி ஃபிஷரோடு அவரும் மாறுபட்டார். வாதம் கடுமையாயிற்று, ஆயினும் நட்பு முறியவில்லை. கருத்து வேற்றுமையும் நட்பும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வயலும் பாலும்

கோசெட் ஆலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கவில்லை. நல்ல பீருக்கு நல்ல பார்லி வேண்டும். அயர்லாந்தின் பல பகுதிகளில் உழவர்களின் வயல்களிலேயே பார்லி இனங்களை ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு நிலத்தில் ஓர் ஆண்டு சிறந்த இனம் வேறொரு நிலத்தில் மறு ஆண்டு தோற்பதைக் கண்டார். ஆகவே பல மண்ணிலும் பல பருவத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்தே முடிவு கூற வேண்டும் என்று வற்புறுத்தினார். கணக்கில் வேறுபாடு தெரிந்தால் மட்டும் போதாது, அவ்வேறுபாட்டால் உழவனுக்கு எவ்வளவு ஆதாயம் என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எண்ணிக்கை பெருகினால் உண்மை தானே வந்துவிடும் என்று மயங்குவோருக்கும் அவர் பாடம் புகட்டினார். 1930-இல் ஸ்காத்லாந்தின் லானர்க்‌ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 10,000 பேருக்கு நான்கு மாதம் நாள்தோறும் பால் அளித்தனர். மற்ற 10,000 பேருக்கு இல்லை. இரு பிரிவும் சமமாகத் தோன்றாவிடில் ஆசிரியர்கள் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருந்தனர். ஆசிரியர் நெஞ்சம் இரங்காதா? மெலிந்த ஏழைப் பிள்ளைகள் பால் பிரிவுக்கு மிகுதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டனர் என்பது கோசெட்டின் கணிப்பு. தொடக்கத்திலேயே பால் பெறாத பிரிவினர் உயரத்திலும் எடையிலும் மிகுந்து நின்றனர். குளிர்காலத்தில் உடையோடு நிறுத்ததும் குழப்பத்தைக் கூட்டியது. வசதியுள்ள பிள்ளைகளின் கனத்த உடை கோடையில் குறைந்தது, ஏழைப் பிள்ளைகளிடம் குறைய என்ன இருந்தது? 1931-இல் இக்குறைகளை எடுத்துக்காட்டிய கோசெட், உருவொத்த இரட்டைப் பிள்ளைகள் 50 இணைகளைக் கொண்டு செய்திருந்தால் இதனினும் தெளிவான விடையைச் சிறு செலவில் பெற்றிருக்கலாம் என்று காட்டினார். இருபதாயிரத்தினும் நூறு பெரிது! சோற்றின் எண்ணிக்கையோடு, அதனைப் பானையின் எப்பகுதியிலிருந்து எடுத்தோம் என்பதும் பார்க்க வேண்டும்.

மனிதரும் மறைவும்

பழகுவதற்கு இனியவர் கோசெட். வீட்டுத் தோட்டத்தில் பழமரம் வளர்ப்பார், தம் கையாலேயே படகு கட்டுவார், மீன் பிடிப்பார். எண்களின் பரவல் வடிவங்களை மாணவர் மறவாதிருக்க, தட்டையான வளைவுக்கு வாத்தலகுப் பிராணியையும் வால் நீண்ட வளைவுக்கு இரு கங்காருகளையும் படமாக வரைந்து ஆய்விதழிலேயே வெளியிட்ட நகைச்சுவையாளர். 1935-இல் கினஸ் ஆலையார் இலண்டனில் புதிய ஆலை எழுப்பியபோது அங்கே சென்று பொறுப்பேற்றார். 1937-இல் காய்ச்சும் தொழிலின் தலைமைப் பதவியும் வந்தது. அதனை நெடுநாள் வகிக்க ஊழ் விடவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், 61-ஆம் வயதில், மாரடைப்பால் மறைந்தார். ‘ஸ்டூடண்ட்’ யார் என்று உலகம் பரவலாக அறிந்தது அதன் பின்னரே.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

1963-இல் பிரிட்டனிலும் 1978-இல் இயற்றிய சட்டத்தால் அமெரிக்காவிலும் வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சுவோருக்குத் தடை நீங்கியது. அந்நாடுகளில் பலர் முதலில் கடையில் விற்கும் மால்ட் பாகைக் கரைத்துக் காய்ச்சுகின்றனர். கை தேறியபின் தானியத்திலிருந்தே தொடங்குகின்றனர். அன்று முதல் கோசெட்டின் தொல்லைகள் அவர்களுடைய தொல்லைகளாகின்றன. இம்முறை சத்து ஏன் குறைந்தது? ஹாப்ஸை மாற்றியதால் சுவை உயர்ந்ததா, அல்லது அன்று வாய்த்த பக்குவமா? ஆண்டுக்கு ஐந்தாறு முறை காய்ச்சுவோன் இருமுறை கண்டதைக் கொண்டு சட்டம் வகுத்துவிடுகிறான். பெரிய ஆலைக்குள் அமர்ந்து அச்சிறு பானைக்கும் கணக்கு எழுதி வைத்தவர் கோசெட்.

புள்ளியியல் 1931-இல் கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வாயிலாக நம் நாட்டிலும் வேரூன்றியது. இன்று புதிய நெல் இனத்தை ஆராய்வோரும் புதிய மருந்தைச் சோதிப்போரும் ‘மாணவரின்’ அட்டவணையின்றி நடப்பதில்லை.

ஆய்வகத்துக்கு வெளியிலும் அவர் பாடம் நமக்கு வேண்டும். தாயகம் விட்டுப் பன்மொழி மாணவரோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கும் நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். நம்மில் இருவரைக் கண்டுவிட்டுத் தென்னாட்டார் எல்லாரும் இப்படித்தான் என்கிறார் ஒருவர். அடுத்த அறையிலுள்ள மூவரை அறிந்துவிட்டு வடநாட்டார் எல்லாரும் அப்படித்தான் என்று நாமும் சொல்கிறோம். இரு சோறு, மூன்று சோறு. பானையோ பல கோடி மக்களைக் கொண்டது! குறைவாகக் கண்டவர் வாய் மூடியிருக்க வேண்டும் என்று கோசெட் சொல்லவில்லை. கண்ட அளவுக்குப் பேசலாம், காணாத அளவுக்கு இடம் விட்டுப் பேசலாம் என்றே கணக்கிட்டுக் காட்டினார்.

பட்டமும் பதவியும் பெயரும் வந்தபின்னும் மாணவனாகவே இருப்பது அரிது. கோசெட் அப்பெயரைக் கட்டளைக்காகப் பூண்டார். வாழ்நாள் முழுவதும் அதற்குத் தக நின்றார். மாணவர் என்னும் பெயர் நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அதற்குத் தக நாமும் நிற்போமாக.